குவாங்சோவில் குடியேறுகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதியில் இருந்தவன் நான். துணியும் ஜிப்பும் பட்டனும் வாங்கித் தரும் வேலையாகத் தென்சீன நகரமான குவாங்சோ போய், ஹைட்சூ வட்டாரத்தில் ஜோங்தா துணிச்சந்தைக்குப் பக்கத்திலேயே ஆறு வருடம் குடியிருந்தேன். "அண்ணா, அடுத்த மாசம் கிளம்பறேன், என்ன எடுத்துட்டுப் போகணும்?" என்று மாதத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் குரல் பதிவு அனுப்பித் தொண்டை வற்றியதால் இங்கே எழுதி வைக்கிறேன். எல்லாம் குவாங்சோவை வைத்துச் சொல்வது. ஷாங்காய்க்கும் பெய்ஜிங்குக்கும் பாதி பொருந்தும்.

இறங்கியவுடன் முதல் வேலை என்ன?

காவல் நிலையப் பதிவு. ஓட்டலில் தங்கினால் வரவேற்பு மேசையில் பாஸ்போர்ட்டை வாங்கி அவர்களே முடித்துவிடுவார்கள். நண்பர் வீட்டிலோ வாடகை வீட்டிலோ தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அந்த வட்டாரக் காவல் நிலையத்தில் பதிய வேண்டும். தவறினால் எச்சரித்து விடுவார்கள், அல்லது 2,000 யுவான் வரை அபராதம். வெள்ளிக்கிழமை நள்ளிரவு வந்திறங்கி, நண்பன் வீட்டில் விழுந்து தூங்கி, திங்கட்கிழமை சாவகாசமாகப் போகிறவர்கள்தான் மாட்டுகிறார்கள். காவல் நிலையம் ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும், போய் நில்லுங்கள்.

அங்கே தரும் ஒற்றைத் தாளைப் பத்திரமாக வையுங்கள். வேலை விசாவில் வந்தவர்கள் 30 நாளுக்குள் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும், அதற்கு இந்தத் தாள் வேண்டும். வீடு மாறினாலும் பாஸ்போர்ட் மாறினாலும் மறுபடி பதிவு. அனுமதிக்கு விண்ணப்பித்தபின் பாஸ்போர்ட் சில நாள் அவர்களிடமே இருக்கும். அப்போது தரும் ரசீதைக் காட்டி உள்நாட்டில் ரயில் ஏறலாம், ஓட்டலில் தங்கலாம். நாட்டைவிட்டு வெளியே மட்டும் போக முடியாது. அவசரமாக ஊருக்கு வரவேண்டிய சூழல் வீட்டில் இருந்தால் நாள் பார்த்து விண்ணப்பியுங்கள்.

கையில் எவ்வளவு ரொக்கம் வேண்டும்?

அவசரத்துக்கு ஐந்நூறு யுவான் போதும். கடைக்காரர் ரொக்கத்தை மறுக்கக் கூடாது என்பது சட்டம்தான், ஆனால் நூறு யுவான் தாளை நீட்டினால் சில்லறைக்குப் பக்கத்துக் கடைக்கு ஓடுவார். பெட்டிக்கடை, சலூன், கோயில் உண்டியல் எல்லாம் கியூஆர் அட்டைதான்.

கிளம்புவதற்கு முன்பே, ஊரில் இருக்கும்போதே, போனிலேயே பணம் செலுத்த உதவும் அலிபே செயலியை இறக்கி உங்கள் விசா அல்லது மாஸ்டர் அட்டையை இணைத்து, பாஸ்போர்ட் படத்தை ஏற்றி முடித்துவிடுங்கள். வங்கி அனுப்பும் ஓடிபி உங்கள் இந்திய எண்ணுக்குத்தான் வரும் என்பதால் அங்கே போய்ச் செய்வது தொல்லை. வெளிநாட்டு அட்டையில் 200 யுவான் வரையிலான செலவுக்குக் கட்டணம் இல்லை, அதற்கு மேல் 3 சதவீதம் பிடிப்பார்கள். மெட்ரோ, டீடீ டாக்ஸி, பகிர்வு மிதிவண்டி மூன்றும் அலிபேக்குள்ளேயே இருக்கின்றன.

என் பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான். அல்லது அப்பா பெயர் குடும்பப் பெயர் கட்டத்தில் இருக்கிறது. சிக்கல் வருமா?

வரும். தமிழர்களுக்கே வாய்த்த தலைவலி இது, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சீனர்களின் பெயர் பெரும்பாலும் இரண்டு, மூன்று எழுத்து. அவர்கள் கணினியில் பெயருக்கு விட்டிருக்கும் இடமும் அந்த மனநிலையில்தான். சுப்பிரமணியன், மீனாட்சிசுந்தரம் எல்லாம் பாதியில் வெட்டுப்படும். எனக்கு நடந்தது வேறு மாதிரி. வங்கியில் கணக்குத் திறந்த பெண் அப்பா பெயரை முதலில் போட்டு, இடைவெளி விடாமல் என் பெயரை ஒட்டித் தட்டினார். அலுவலகம் என் பெயரை முதலில் எழுதி, இடைவெளி விட்டு, அப்பா பெயரைப் பின்னால் வைத்திருந்தது. முதல் மாதச் சம்பளம் போய் மோதித் திரும்பிவிட்டது. அலிபே அந்த வங்கி அட்டையை ஏற்கவில்லை. ஒரு இடைவெளிக்காக மூன்று முறை வங்கிக்கு நடந்தேன். ஒவ்வொரு முறையும் சீட்டு எண் வாங்கி ஒரு மணி நேரம் உட்கார வேண்டும்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். முதலில் சிம். பாஸ்போர்ட்டோடு நீங்களே கடைக்குப் போய் உங்கள் பெயரில் வாங்குங்கள். நண்பர் தன் பெயரில் வாங்கித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அடுத்து வங்கி. எழுத்தர் திரையில் பெயரைத் தட்டியதும் எட்டிப் பாருங்கள், கணக்கு விவரத் தாளைப் படம் எடுங்கள். அதில் எப்படி இருக்கிறதோ, பெரிய எழுத்து, இடைவெளி எல்லாம் அப்படியே அலிபேயிலும், அரட்டைக்கும் பணம் அனுப்பவும் பயன்படும் வீசாட் செயலியிலும் போடுங்கள். சம்பளம் போடுகிற கணக்காளருக்கும் அந்தப் படத்தையே அனுப்புங்கள். ரயில் டிக்கெட்டுக்கு மட்டும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி.

குடும்பப் பெயர் கட்டமே காலியாக இருப்பவர்கள், முடிந்தால் ஊரிலிருந்து கிளம்பும் முன் பாஸ்போர்ட்டைத் திருத்திவிடுங்கள். அனுமதி வாங்கிய பிறகு பெயரை மாற்றினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஒரு பக்கச் செய்தி: அலுவலகத்தில் ஆறு மாதம் எல்லோரும் என்னை அப்பா பெயரால்தான் கூப்பிட்டார்கள். வீட்டில் சொன்னபோது அவருக்கு ஒரே சந்தோஷம்.

வாட்ஸாப் வேலை செய்யுமா? வீட்டோடு எப்படிப் பேசுவது?

சீன இணையத்தில் வாட்ஸாப், கூகுள், யூடியூப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் எதுவும் திறக்காது. அங்கே எல்லோரும் வீசாட்டில் இருக்கிறார்கள், ஆனால் 2020 ஜூன் மாதம் இந்தியா தடை செய்த 59 செயலிகளில் வீசாட்டும் ஒன்று. அங்கே ஓடுவது இங்கே இல்லை, இங்கே ஓடுவது அங்கே இல்லை. இலங்கை, மலேசியா, சிங்கப்பூரில் குடும்பம் இருப்பவர்களுக்கு வீசாட்டே போதும், இந்தியக் குடும்பங்களுக்குத்தான் இந்த அவஸ்தை.

நடைமுறை வழி, வெளிநாட்டு ரோமிங். ஊர் சிம்மிலோ வெளிநாட்டு இசிம்மிலோ டேட்டா எடுத்தால், அந்த இணையப் போக்குவரத்து சிம் எந்த நாட்டுடையதோ அங்கே போய்த் திரும்புகிறது. அதனால் வாட்ஸாப் சாதாரணமாக ஓடும். இரண்டு சிம் போடும் போன் கட்டாயம்: ஒன்று சீன எண், மற்றது ரோமிங். இரு பக்கமும் ஐபோன் என்றால் ஃபேஸ்டைம் பேசலாம்.

அம்மாவிடம் பேசும் நேரத்தையும் கணக்குப் பண்ணுங்கள். சீனா நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். இங்கே இரவு ஒன்பது மணி சீரியல் முடிந்து அம்மா போனை எடுக்கும்போது உங்களுக்குப் பன்னிரண்டு.

விபிஎன்?

தடை செய்த தளங்களைச் சுற்றுவழியில் திறந்துதரும் மென்பொருள் அது. அனுமதி பெறாத விபிஎன் சட்டப்படி தவறு. நிறுவனங்கள் அனுமதி பெற்ற இணைப்பு வைத்திருக்கலாம், அலுவலகத்தில் கேளுங்கள். என்னைக் கேட்டால் ரோமிங் செலவை வாடகை மாதிரி மாதச் செலவில் சேர்த்துவிடுவேன்.

வீடு பிடிக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

குவாங்சோவில் வழக்கம் இரண்டு மாத முன்பணம், ஒரு மாத வாடகை. தரகர் கூலி தனி. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்களுக்கு இது சலுகையாகத் தெரியும்.

தரகரிடம் முதல் கேள்வி வாடகை பற்றி இருக்கக் கூடாது. "வெளிநாட்டவர் பதிவுக்கு வீட்டுக்காரர் தாள் தருவாரா?" என்று கேளுங்கள். வரிக்குப் பயந்து சிலர் தர மாட்டார்கள். வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள். மாடிக் கணக்கில் அவர்களுக்குத் தரைத்தளம்தான் ஒன்றாம் மாடி. நான்கு என்ற எண் சாவைக் குறிக்கும் சொல்லைப் போல ஒலிப்பதால் சில கட்டடங்களில் 4, 14 என்ற மாடிகளே இருக்காது. ஒன்று இரண்டு மாடிகளைத் தவிருங்கள், காரணம் அடுத்த பதிலில்.

ஏப்ரல் 15 முதல் மே 5 வரையும், அக்டோபர் 15 முதல் நவம்பர் 4 வரையும் குவாங்சோவின் பெரிய வணிகக் கண்காட்சியான காண்டன் கண்காட்சி. 1957 முதல் நடக்கிறது. அந்த நாட்களில் ஓட்டல் விலை எகிறும். வீடு கிடைக்கும்வரை ஓட்டலில் தங்கும் திட்டம் இருந்தால் அதற்கு முன்னோ பின்னோ வாருங்கள்.

வெயில், மழை, குளிர் எப்படி?

வெயில் நமக்குப் புதிதில்லை. மே முதல் செப்டம்பர் வரை சென்னையைப் போலவே புழுங்கும், கூடவே மழை. யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம் "ஹுய்நான்தியன்". தென்காற்று திரும்பி வரும் நாட்கள் என்று பொருள்.

என் முதல் மார்ச் மாதம். காலையில் எழுந்து கால் வைத்தால் தரை முழுக்க நீர். சுவரில் முத்து முத்தாக வேர்த்து வழிகிறது. கண்ணாடியில் முகம் தெரியவில்லை. மேல்வீட்டுக் குழாய் உடைந்துவிட்டது என்று நினைத்து வீட்டுக்கார அம்மாவுக்குப் போன் போட்டேன். வந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, நான் காற்றுக்காகத் திறந்து வைத்திருந்த ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார். குளிர் நாட்களில் சுவரும் தரையும் சில்லிட்டுக் கிடக்கும். தென்சீனக் கடலிலிருந்து திடீரென்று வெப்பமும் ஈரமுமான காற்று வந்தால், ஐஸ் டம்ளரின் வெளிப்புறம் வேர்ப்பதுபோல வீடே வேர்க்கும். தரையை ஒட்டிய மாடிகளில் இது அதிகம். அந்த வாரம் அப்பளம் துணி மாதிரி தொங்கியது, சாம்பார்பொடி கட்டியானது, தோல் பெல்ட்டில் பச்சைப் பூஞ்சை. ஜன்னலைச் சாத்தி, ஏசியை ஈரம் உறிஞ்சும் நிலையில் வையுங்கள். பருப்பு, பொடி எல்லாம் காற்றுப்புகா டப்பாவில்.

குளிரைக் குறைத்து எடைபோடாதீர்கள். வடசீனத்தில் வீட்டுக்கு வீடு அரசுக் குழாய்ச் சூடு உண்டு, தெற்கே கிடையாது. வெளியே பத்து டிகிரி என்றால் உள்ளேயும் ஏறக்குறைய அதுதான், அதுவும் ஈரக்குளிர். கோடையில் புயல் வந்தால் வண்ண எச்சரிக்கை கொடுப்பார்கள். சிவப்பு என்றால் வெளியே போக வேண்டாம், முந்தின நாளே தண்ணீரும் காய்கறியும் வாங்கி வையுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர் சமாளிக்க முடியுமா?

வீட்டில் சமைத்தால் ராஜபோகம். வெளியே கஷ்டம்.

"மாமிசம் வேண்டாம்" என்று சொன்னால் போதாது. பேச்சுவழக்கில் "ரோ" என்றாலே பன்றி இறைச்சிதான் நினைவுக்கு வரும். அதை எடுத்துவிட்டு உலர்ந்த இறாலைத் தூவிக் கொண்டுவந்து வைப்பார்கள், உண்மையான பரிவோடு. "வோ ச்சீ சூ" என்று சொல்லுங்கள், நான் சைவம் சாப்பிடுகிறவன் என்று அர்த்தம். கூடவே மூன்று சொற்கள்: "ச்சூ யோ" பன்றிக் கொழுப்பு, "ஹாவ் யோ" சிப்பிச் சாறு, "ஜீ ஜிங்" கோழித் தூள். இந்த மூன்றும் வேண்டாம் என்று சீன எழுத்தில் எழுதிய படத்தைப் போனில் வைத்திருங்கள். கீரை வதக்கலில்கூட இவை இருக்கும்.

பௌத்தக் கோயில்களை ஒட்டிய சைவ உணவகங்கள் நம்பகமானவை. அங்கே வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்க மாட்டார்கள். சீன மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் அங்கே கூட்டம் அலைமோதும். நம் அமாவாசை, பௌர்ணமிதான். அப்படியே லீவான் வட்டாரத்தில் ஹுவாலின் கோயிலுக்கும் ஒரு நடை போய் வாருங்கள். காஞ்சியிலிருந்து போனவர் என்று நாம் சொல்லிக்கொள்ளும் போதிதர்மர் கரையிறங்கிய இடம் என்று அந்தப் பகுதியைச் சொல்கிறார்கள்.

காய்கறிச் சந்தையில் பாகற்காய், பீர்க்கங்காய், வெண்பூசணி, சேம்பு, காராமணிக்காய், தண்டுக்கீரை எல்லாம் குவிந்து கிடக்கும். விலைப்பலகையில் இருப்பது ஒரு "ஜின்"னுக்கு, அதாவது அரைக் கிலோவுக்கு. கிலோ என்று நினைத்து நான் ஒரு மாதம் பாதி காய்தான் வாங்கிக்கொண்டிருந்தேன். கணக்கு முடிந்ததும் கடைக்கார அம்மா இரண்டு வெங்காயத்தாளை முறித்துப் பையில் போடுவார். சில நாள் கொத்தமல்லியும் வரும். கொசுறு! கேட்காமலே கிடைக்கும், உழவர் சந்தையில் கறிவேப்பிலை கிடைப்பதுபோல. அந்தக் கறிவேப்பிலைதான் அங்கே கிடைப்பது அரிது. துவரம்பருப்பு, உளுந்து, பெருங்காயத்துக்கு யுவேஷியு வட்டாரத்தில் ஷியாவ்பெய் பக்கம் போங்கள். ஆப்பிரிக்க, அரபு, இந்தியக் கடைகள் அங்கேதான்.

சீனம் படித்துவிட்டுப் போக வேண்டுமா? அங்கே பேசுவது வேறு மொழி என்கிறார்களே?

ஊர்க்காரர்கள் தங்களுக்குள் கான்டனீஸ் பேசுவார்கள். எல்லோருக்கும் மாண்டரின் தெரியும், நீங்கள் அதைப் படித்தால் போதும். எண்கள், இடது வலது, "எவ்வளவு", "வேண்டாம்" இவற்றோடு கிளம்புங்கள். ஒன்று முதல் பத்துவரை ஒரே கையில் காட்டும் முறை ஒன்று உண்டு. ஆறுக்குக் கட்டைவிரலும் சுண்டுவிரலும், எட்டுக்குத் துப்பாக்கி மாதிரி. துணிச்சந்தையில் பேரம் முழுக்க அதில்தான்.

கான்டனீஸில் இரண்டே சொல் கற்றால் மதிப்பு கூடும். சிறு உதவிக்கு நன்றி "ம்கோய்". பரிசு வாங்கினால் "தோ ச்சே". கடைப்பையனை "லெங் ச்சாய்", பெண்ணை "லெங் நோய்" என்று கூப்பிடலாம். அழகன், அழகி என்று நேர்பொருள், நாம் அண்ணே, அக்கா என்பதற்கு ஈடான அழைப்பு அது. ஐம்பது வயது டீக்கடைக்காரர் என்னை அழகன் என்றபோது முதல் நாள் வெட்கமாகத்தான் இருந்தது.

தேநீர் விருந்துக்கு அழைத்தால், யாராவது உங்கள் கோப்பையில் ஊற்றும்போது இரண்டு விரலால் மேசையை மெல்லத் தட்டுங்கள். அதுவே நன்றி.

உடம்புக்கு முடியவில்லை என்றால்?

ஆம்புலன்ஸ் 120, காவல் 110, தீயணைப்பு 119. பெரிய அரசு மருத்துவமனைகளில் நல்ல மருத்துவர்கள் இருக்கிறார்கள், குடும்ப மருத்துவர் என்ற பழக்கம் குறைவு. முதலில் பதிவு, பணம், மருத்துவர். பிறகு சோதனைக்குப் பணம், சோதனை. மறுபடி மருத்துவர், மருந்துக்குப் பணம். ஒவ்வொரு படியிலும் போனை நீட்ட வேண்டும், அதனால் பவர்பேங்க் கொண்டுபோங்கள். ஆங்கிலம் பேசும் தனிப் பிரிவு சில மருத்துவமனைகளில் உண்டு, கட்டணம் பல மடங்கு.

நம் ஊர் மாத்திரைப் பெயர்கள் மருந்துக்கடையில் புரியாது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளின் வேதிப்பெயரை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், மருந்துச் சீட்டோடு இரண்டு மாத அளவு கொண்டுபோங்கள். எந்த வியாதிக்கும் பக்கத்து வீட்டு ஆயா சொல்லும் மருந்து ஒன்றே: வெந்நீர் குடி.

பைக், கார் ஓட்டலாமா?

சர்வதேச உரிமம் செல்லாது. 100 கேள்வித் தேர்வில் 90 எடுத்துச் சீன உரிமம் வாங்க வேண்டும். பெட்ரோல் பைக்குக்கு நகரில் 2007 முதல் தடை. மெட்ரோ இரண்டு யுவானில் தொடங்குகிறது, அதுவே போதும். மூன்றாம் தடத்தில் காலை எட்டரைக்கு மட்டும் ஏறாதீர்கள். நடைபாதையில் சத்தமே இல்லாமல் பின்னால் வரும் மின்பைக்குகளுக்குத்தான் நான் கடைசிவரை பழகவில்லை.

சீனப் புத்தாண்டு சமயத்தில் என்ன ஆகும்?

ஊரே காலியாகும். ஆலைகள் இரண்டு மூன்று வாரம் மூடிவிடும், பார்சல் வராது, காய்க்கடை பூட்டியிருக்கும். ரயில் டிக்கெட் 15 நாள் முன்னால் திறக்கும், நிமிடங்களில் தீரும். விடுமுறைக்கு ஈடாக முன்னோ பின்னோ ஞாயிற்றுக்கிழமை வேலை வைப்பார்கள், நாட்காட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள். கல்யாணமானவர்கள் கல்யாணமாகாதவர்களுக்கும் காவலாளி, துப்புரவுப் பணியாளர்களுக்கும் சிவப்பு உறையில் "லைசீ" கொடுக்க வேண்டும். குவாங்சோ இருக்கும் குவாங்டோங் மாகாணத்தில் தொகை சிறியது, ஐந்தோ பத்தோ யுவான் போதும். நூறு வைத்து மற்றவர்களைச் சங்கடப்படுத்தாதீர்கள்.

சனி ஞாயிறு ஹாங்காங் போய் வரலாமா?

அதிவேக ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஆனால் அது எல்லை தாண்டுவதுதான். ஒருமுறை நுழைவு விசாவில் இருப்பவர் போனால் விசா தீர்ந்தது, திரும்ப முடியாது. குடியிருப்பு அனுமதி கிடைத்தபின் போங்கள். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஹாங்காங் போக இணையத்தில் முன்பதிவு செய்த தாள் வேண்டும், கட்டணம் இல்லை.

பெட்டியில் என்ன வைப்பது?

பட்டச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் இரண்டுக்கும் வேண்டிய அத்தாட்சிகளை ஊரிலேயே முடித்துவிடுங்கள், அங்கிருந்து செய்வது நரகம். இட்லித் தட்டு, குக்கர் வாஷர் இரண்டு, பெருங்காயம், புளி. மின்சாரம் 220 வோல்ட்தான், மிக்ஸி ஓடும். பிளக் முனை வேறு என்பதால் மாற்றி வாங்குங்கள்.

திரும்பி வரும்போது என்ன செய்ய வேண்டும்?

வேலை அனுமதி ரத்துச் சான்று, வரி கட்டிய தாள் இரண்டையும் நிறுவனத்திடம் வாங்குங்கள். சம்பளச் சேமிப்பை ஊருக்கு அனுப்ப வங்கி வரித்தாளைக் கேட்கும். ஓய்வூதியக் கணக்கில் உங்கள் பங்காகப் பிடித்த தொகையைக் கேட்டு வாங்கலாம், பலர் மறந்துவிடுகிறார்கள். வீட்டு முன்பணம் கைக்கு வந்தபின் சாவியைக் கொடுங்கள்.

சீன சிம்மைக் கடைசியாக விடுங்கள். எல்லாக் கணக்கும் அந்த எண்ணில்தான் தொங்குகிறது. நான் விமான நிலையம் போகும் வழியிலேயே ரத்து செய்தேன். இரண்டு வாரம் கழித்து வீட்டுக்கார அம்மா முன்பணத்தின் மீதி 640 யுவானை வீசாட்டில் அனுப்பியிருக்கிறார். போன் மாற்றியதால் உள்ளே நுழைய அந்தப் பழைய எண்ணுக்கு ஓடிபி வரவேண்டும். 24 மணி நேரத்துக்குள் நான் ஏற்காததால் பணம் அவருக்கே திரும்பிவிட்டது.